திரும்பி வர ஓர் அனுமதி

4 அக்டோபர் 1948, திங்கள். மயிலாப்பூர்

காலாண்டுத் தேர்வுத் தாள் இன்னும் பதினெட்டு பாக்கி. ‘ஆறு’ என்ற சொல்லுக்கு மூன்று பொருள் எழுதச் சொன்னால் ஒருத்தி ‘ஆறு, ஆறு, ஆறு’ என்று எழுதியிருக்கிறாள். முழு மதிப்பெண் போட்டுவிட்டேன். தப்பென்று எப்படிச் சொல்வது?

மாலையில் ஷாகிராவின் கடிதம். கராச்சியிலிருந்து வந்துசேர இருபத்தோரு நாள் ஆகியிருக்கிறது. “ஐந்து மாதம் முடிந்துவிட்டது அக்கா. போன இரண்டு தடவையும் இவ்வளவு தூரம் வரவில்லை. ஜனவரி நடுவில் என்கிறாள் டாக்டரம்மா. நீங்கள் வர வேண்டும். இங்கே தமிழ் பேச ஆளே இல்லை. நான் பேசும் உருதுவைக் கேட்டுப் பக்கத்து வீட்டு லக்னோக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். பகலெல்லாம் பாத்திரங்களோடு பேசுகிறேன்.”

உம்மா இறந்தபோது ஷாகிராவுக்கு ஏழு வயது, எனக்கு இருபத்தொன்று. அதிலிருந்து நான்தான் அவளுக்குத் தலை வாரினேன். என் கணவர் இறந்த பிறகு இந்த வீட்டில் நாங்கள் இரண்டே பேர். அவள் புருஷன் கய்யூம் உருதுக்காரர், தபால் இலாகாவில் கணக்கர். போன வருஷம் அரசு ஊழியர்கள் எந்த நாட்டில் வேலை செய்ய விருப்பம் என்று எழுதித் தரலாம் என்றபோது, பாகிஸ்தான் என்று எழுதிக் கொடுத்தார். அவளை யாரும் கேட்கவில்லை.

போகத்தான் வேண்டும்.

9 அக்டோபர், சனி

டிராம் பிடித்து அனுமதி அலுவலகத்துக்குப் போனேன். இப்போதெல்லாம் பெர்மிட் இல்லாமல் போகவும் முடியாது, வரவும் முடியாது. தாள் இரண்டு. உள்ளே போகப் பாகிஸ்தான் அனுமதி: அதற்கு டில்லியில் இருக்கும் அவர்கள் தூதரகத்துக்கு எழுதிப்போட வேண்டும். திரும்பி வர நம் சர்க்காரின் அனுமதி: அது இங்கே.

எழுத்தர் சின்ன வயதுக்காரர், நல்ல மாதிரி. “அம்மா, முதல் தாளை மட்டும் வெச்சுக்கிட்டுப் போயிடாதீங்க. அப்படிப் போனா, அப்புறம் நீங்க அந்த ஊர்க்காரங்கதான். திரும்ப விடமாட்டாங்க” என்றார்.

படிவம் இங்கிலீஷில். அவர் ஒவ்வொன்றாகப் படித்துச் சொல்லி, என் பதிலை எழுதினார். ‘திரும்பி வருவதற்கான காரணம்’ என்று ஓர் இடம். வெகுநேரம் யோசித்துவிட்டு “வீடு” என்றேன். “அது போதுமாம்மா?” என்று கேட்டார்.

இன்னொன்று. நான் திரும்பி வருவேன் என்று உறவல்லாத இரண்டு பேர் உறுதி எழுதித் தர வேண்டுமாம். வீட்டுக்கார முதலியார் நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார். இன்னொருவர்? எங்கள் தலைமை ஆசிரியை ஜெயலக்ஷ்மி அம்மாள் இருக்கிறாரே.

11 அக்டோபர், திங்கள்

பன்னிரண்டு வருஷமாக அடுத்தடுத்த அறையில் வேலை பார்க்கிறோம். தாளை நீட்டினேன். அவர் வருகைப் பதிவேட்டைப் பார்த்துக்கொண்டே, “ஆத்துல ஒரு வார்த்தை கேட்டுண்டு சொல்றேனே, ஹாஜிரா” என்றார்.

“சரிங்கம்மா.”

என் வகுப்பைத் தாண்டி நடந்துபோய்விட்டுத் திரும்பினேன். கோபமா? இல்லை. வெட்கம். கேட்டிருக்கக் கூடாது. நாட்டில் இப்போது இருக்கிற நிலையில் என் பேரில் யார் உறுதி எழுதித் தருவார்கள்?

12 அக்டோபர்

ஜெயலக்ஷ்மி அம்மாள் கூப்பிட்டால் எடுக்க, தாளைப் பையிலேயே வைத்திருந்தேன். இன்று கூப்பிடவில்லை.

18 அக்டோபர், திங்கள்

பக்ரீத் விடுமுறை முடிந்து இன்றுதான் பள்ளி. மாலையில் கதவு தட்டும் சத்தம். திறந்தால் ஜெயலக்ஷ்மி அம்மாள். கச்சேரி சாலையிலிருந்து எங்கள் சந்துக்குள் திரும்பியதே அவருக்கு இதுதான் முதல் தடவையாக இருக்கும். நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். தண்ணீர் கொடுக்கலாமா என்று தயங்கினேன். அவரே கேட்டு வாங்கிக் குடித்தார்.

“ஆத்துக்காரர் வேண்டாம்னுட்டார். ஒரு வாரமா யோசிச்சிண்டே இருந்தேன். கையெழுத்து என்னோடதுதானே, அவரோடது இல்லையே? எங்க போடணும், காட்டு.”

போட்டார். மை காயும்வரை இரண்டு பேரும் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

6 நவம்பர், சனி

காலையிலிருந்து அடைமழை. திரும்பி வரும் தாளுக்கான விசாரணைக்கு சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். பெயர் பஞ்சாட்சரம். குடையை வாசலிலேயே சாத்திவிட்டு, ஈரக் காலோடு உள்ளே வரத் தயங்கி நின்றார்.

பெயர், வேலை, எத்தனை வருஷமாக இந்த வீடு. எல்லாம் சொன்னேன். பிறகு, “தங்கச்சி அங்க இருக்காங்க. அங்கயும் டீச்சர் வேலை கிடைக்கும். இங்க உங்களுக்குன்னு யாரும் இல்ல. அப்புறம் எதுக்குத் திரும்பி வரணும்?” என்றார்.

அதட்டிக் கேட்கவில்லை. நான் பிறந்த தெருவுக்கு நான் ஏன் வர வேண்டும்? இதற்கு என்ன பதில்? பதினாறு வருஷமாகப் பிள்ளைகளிடம் கேள்வி கேட்டே பழகியவள், சேலைத் தலைப்பை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

மீன்கூடையோடு வந்த முத்தம்மா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். சாந்தோம் குப்பத்துக்காரி, சனிக்கிழமை தவறாமல் வருவாள். கூடையை இறக்கினாள்.

“இன்னா சார் கேள்வி இது? உன் பொஞ்சாதி அம்மா ஊட்டுக்குப் போனா, ஏன் திரும்பி வர்றேன்னு கேப்பியா? டீச்சரம்மா ஊடு இங்க கீது. வராம எங்க பூடுவாங்க?”

எனக்குப் பயம். போலீஸ்காரரிடம் இப்படியா பேசுவது? அவர் நோட்டில் ஏதோ எழுதி மூடினார். குடையை எடுத்துக்கொண்டு, “என் பொஞ்சாதி அம்மா வீட்டுக்குப் போய் நாலு மாசம் ஆவுதும்மா. அதான் கேக்குறேன்” என்று சொல்லிவிட்டு மழையில் இறங்கினார்.

முத்தம்மா சிரித்த சிரிப்பு சந்து முழுக்கக் கேட்டது. எனக்கும் சிரிப்புதான். அவர் போன பிறகு ஏனோ வருத்தமாக இருந்தது.

30 நவம்பர், செவ்வாய்

டில்லியிலிருந்து உள்ளே போகும் தாள் வந்துவிட்டது. டிசம்பர் 31க்குள் கராச்சி போய்ச் சேர வேண்டும். தவறினால் செல்லாது.

திரும்பி வரும் தாளைப் பற்றிப் பேச்சே இல்லை.

7 டிசம்பர், செவ்வாய்

கய்யூம் எழுதியிருக்கிறார். “ஆபா, அந்தத் தாளுக்காகக் காத்திருக்காதீர்கள். வந்துவிடுங்கள். இங்கே பெண்கள் பள்ளிகளில் ஆள் தேடுகிறார்கள். எங்களோடு இருந்துவிட்டால்தான் என்ன?” நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறார். நான் அங்கே எந்த மொழியில் பாடம் நடத்துவேன் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அடியில் ஷாகிராவின் கையெழுத்து, கோணலாக: “கால் வீங்கியிருக்கிறது அக்கா. பயமாக இருக்கிறது.”

14 டிசம்பர், செவ்வாய்

அரை நாள் லீவு போட்டு அலுவலகம் போனேன். “எங்க வேலை முடிஞ்சு அனுப்பியாச்சும்மா. மேலேருந்து வரணும்” என்றார் அதே எழுத்தர். மேலே என்றால் எங்கே என்றேன். அவர் முகத்தில் அசடு வழிந்தது. அவருக்கும் தெரியாது, பாவம்.

15 டிசம்பர்

போனால் திரும்ப முடியாது. போகாவிட்டால் அவளைப் பார்க்க முடியாது. எழுதிப் பார்த்தால் வழி தெரியும் என்று நினைத்தேன். எழுதிய பிறகும் அப்படியேதான் இருக்கிறது.

20 டிசம்பர், திங்கள்

என்ன பொம்பளை நான்? ஒரு தாளுக்காக உட்கார்ந்துகொண்டு— அந்தப் பொண்ணு வீங்கின காலோடு அங்கே வாசலைப் பார்த்துக்கிட்டு இருக்கும். அவளுக்கு ஏதாவது ஆனால் அப்புறம் இந்த வீட்டை வெச்சுக்கிட்டு நான் என்ன செய்வேன்?

24ஆம் தேதிக்கு பம்பாய் ரயிலுக்குச் சீட்டு வாங்கிவிட்டேன். அங்கிருந்து கப்பல். தாள் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி.

ஜெயலக்ஷ்மி அம்மாளிடம் என் வகுப்புப் பதிவேட்டை ஒப்படைத்தேன். “மார்ச் வரைக்கும் நானே பார்த்துக்கறேன்” என்றார். தாள் வரவில்லை என்று அவருக்குத் தெரியும். உறுதி எழுதிக் கொடுத்தவர் அவர். இருந்தும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

23 டிசம்பர், வியாழன்

கடைசி நாள் வகுப்பு. மூன்று மணிக்குப் பள்ளி வாசலில் சைக்கிள். பஞ்சாட்சரம்! பிள்ளைகள் எல்லாம் ஜன்னலில்.

“நாளைக்கு ரயில்னு முத்தம்மா சொல்லிச்சு. உங்க தாள் வந்திருக்கு. அஞ்சு மணிக்குப் பூட்டிடுவாங்க. நாளைலேருந்து லீவு. இப்பவே போங்க.”

சுண்ணாம்புக் கையோடு டிராமுக்கு ஓடினேன். அலுவலகப் படியேறும்போது நாலே முக்கால். தாள் என் கைக்கு வந்துவிட்டது. பிப்ரவரி 28க்குள் இந்தியாவில் கால் வைக்க வேண்டும்.

அது வந்தது அவருக்கு எப்படித் தெரியும்? யாரைப் போய்க் கேட்டார்?

30 டிசம்பர், வியாழன். கராச்சி

வந்துசேர்ந்தேன். இன்னும் ஒரே ஒரு நாள்தான் பாக்கி இருந்தது.

ஷாகிரா கதவைத் திறந்தாள். முகம் ஒட்டி, வயிறு மட்டும் பெரிதாக. கட்டிப்பிடிக்கக்கூட இல்லை, கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் பேச ஆரம்பித்தாள். முதல் ஒரு மணி நேரம் நான் வாயே திறக்கவில்லை. பதினைந்து மாதத் தமிழையும் பேசித் தீர்த்துவிட்டுத்தான் அழுதாள்.

17 ஜனவரி 1949, திங்கள்

பெண் குழந்தை. இரண்டு பேரும் நலம். அல்ஹம்துலில்லாஹ். வேறு எழுத வரவில்லை.

24 ஜனவரி

சகினா என்று பெயர் வைத்தோம். கொட்டாவி விடும்போது உம்மாவின் வாய் அப்படியே.

19 பிப்ரவரி, சனி

பெட்டியில் தாள் இல்லை.

சேலை மடிப்பு, குர்ஆன் உறை, படுக்கைக்கு அடியில், எல்லாம் பார்த்துவிட்டேன். கய்யூம் அலமாரியையே நகர்த்திப் பார்த்தார். 25ஆம் தேதிக் கப்பலை விட்டால் 28க்குள் போய்ச்சேர வழியில்லை.

தாள் இல்லாமலே வரத் துணிந்தவள்தானே நான்? இப்போது காணோம் என்றதும் பார்த்த இடத்தையே ஏன் நாலு தடவை தேடுகிறேன்?

ஷாகிரா மட்டும் எதையும் தேடவில்லை. குழந்தையைத் தட்டிக்கொண்டே, “போனால் போகட்டும். இங்கேயே இருங்களேன் அக்கா” என்றாள். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

புரிந்துவிட்டது. நான் கேட்கவில்லை. கேட்டால் அவள் பொய் சொல்ல வேண்டியிருக்கும்.

21 பிப்ரவரி, திங்கள்

மத்தியானம் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். ஷாகிரா பின்னால் வந்து நின்று திடீரென்று கேட்டாள்: “அங்க உங்களுக்கு என்னதான் இருக்கு? நான் இங்க இருக்கேன். இவ இங்க இருக்கா. அங்க யாரு இருக்கா?”

சப்-இன்ஸ்பெக்டர் கேட்ட அதே கேள்வி. இந்தத் தடவை பதில் வந்தது.

“நான் இருக்கேன்டி. அங்க இருந்தாத்தான் நான் நானா இருக்கேன். இங்க நான் உன் அக்கா மட்டும்தான். அது பெரிய சந்தோஷம். ஆனா அது மட்டும் எனக்குப் போதல. என்னைத் தப்பா நினைக்காதே.”

ஷாகிரா குழந்தையைத் துவட்டி என் மடியில் போட்டாள். தொட்டிலுக்குப் போய், மெத்தைத் துணியைத் தூக்கி, அடியிலிருந்து தாளை எடுத்து வந்தாள். நீட்டியவள் தானே திடுக்கிட்டாள். நனைந்து, நடுவில் பெரிய மஞ்சள் வட்டம். மை பரவி, முத்திரையில் பாதி காணோம்.

“ஐயோ அக்கா, இவ—”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். முதலில் சிரித்தது அவள்தான். சிரித்துக்கொண்டே என் தோளில் முகத்தை வைத்துத் தேம்பினாள். நானும்.

பிறகு அதை இஸ்திரிப் பெட்டியால் மெதுவாகத் தேய்த்துக் காயவைத்தது ஷாகிராதான்.

27 பிப்ரவரி, ஞாயிறு. பம்பாய்

துறைமுக அதிகாரி தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். இது என்ன கறை என்று இந்துஸ்தானியில் கேட்டார். ஒரு மாதக் குழந்தை என்றேன். சட்டென்று நுனி விரலால் பிடித்துக்கொண்டார். எண்ணைப் பெரிய புத்தகத்தில் தேடினார்கள். அரை மணி நேரம். வரிசையில் பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். எண் இருந்தது. முத்திரை குத்தினார், கைக்குட்டை எடுத்து விரலை நன்றாகத் துடைத்துக்கொண்டார்.

3 மார்ச், வியாழன். மயிலாப்பூர்

வந்ததைக் காவல் நிலையத்தில் தெரிவித்து, தாளை ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. பள்ளி முடிந்ததும் போனேன்.

பஞ்சாட்சரம் தாளை மேசைமேல் விரித்தார். “என்னங்க இது?”

“என் தங்கச்சி பொண்ணு. பேரு சகினா.”

அவர் பதிவேட்டைத் திறந்து எண்ணையும் தேதியையும் எழுதினார். பக்கத்தில் ‘திரும்பி வந்தார்’ என்று எழுதி, நான் படிப்பதற்காக நோட்டை என் பக்கம் திருப்பினார். பிழையில்லாமல் எழுதியிருந்தார்.

தாளைக் கோப்பில் வைக்கப் போனார். என் கை தானாக நீண்டுவிட்டது. உடனே இழுத்துக்கொண்டேன். அவர் பார்த்துவிட்டார்.

“நனைஞ்ச தாள் இது. ஃபைல்ல வெச்சா மத்த தாளும் கெட்டுப்போகும்” என்றார். “நம்பர் எழுதியாச்சு. நீங்களே கொண்டுபோங்க.”

லஸ் முனை வரைக்கும் அதை மடிக்காமல் கையில் பிடித்துக்கொண்டே நடந்தேன்.