அண்ணி சொன்ன அடும்பு

என் நெஞ்சைவிட்டு ஒருநாளும் நீங்காத தளி அண்ணிக்கு, உங்கள் நாத்தனாரின் வணக்கம்.

நான் கடல் கடந்து வந்துவிட்டேன், அண்ணி. நம்புவீர்களா? ஓசூர் பேருந்து நிலையத்திலேயே வழி தவறுகிறவள் என்று நீங்கள் கேலி செய்த நான், மாடி மாடியாய் உயர்ந்த கப்பலில் ஏறித் திருகோணமலையில் இறங்கினேன். ஜூஜுவாடித் தொழிற்சாலையில் என் மகள் தேன்மொழிக்குச் சேர்ந்தாற்போல் விடுப்புக் கிடைத்தது. எப்போது பார்த்தாலும் கடல் பாட்டாகவே பாடுகிறாயே, ஒரு தரமாவது கடலைப் பார்த்துவிட்டு வரலாம் என்று இழுத்துப் போனாள்.

கரையில் எங்களுக்கு வாய்த்தது ஒரு பகல் மட்டுமே. நடுவயது ஆட்டோக்காரர் ஒருவர் முதலில் குன்றின் மேலுள்ள சிவபெருமான் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். கண்மூடிப் பதிகம் ஓத நினைத்தேன். கீழே விரிந்த நீலத்தைக் கண்டபின் கண்ணை மூட மனம் வரவில்லை. ஈசனைத் திறந்த கண்ணோடே பாடினேன். பிழையாகுமா, அண்ணி?

கப்பலுக்குத் திரும்பும் வழியில், கால் நனைப்பதற்காக ஒரு கடற்கரையில் நிறுத்தச் சொன்னோம். மணல்மேட்டில் ஒரு கொடி படர்ந்து கிடந்தது. குளம்புபோல் நடுவே பிளந்த இலை. இளஞ்சிவப்பில் புனல் புனலாய்ப் பூ. இது என்ன கொடி என்று ஆட்டோக்காரரிடம் கேட்டேன்.

"இதோ? அடம்பன் கொடி, அம்மா" என்றார் அவர். "வத்தாளங்கொடியின்ர சொந்தக்காரன். பூவைப் பாருங்கோ, அச்சு ஒண்டுதான்."

வத்தாளை என்றால் என்ன என்று தேன்மொழி கேட்டாள். அவித்துத் தின்கிற இனிப்புக் கிழங்கு என்றார். நீங்கள் கெணசு என்பீர்களே, அந்தச் சர்க்கரைவள்ளி! மணலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்கு அந்த வெள்ளிக்கிழமை நினைவிருக்கும். ஓசூர்க் கோயில் மண்டபத்தில், திருமுறை ஓதி முடித்து, பழைய நெய்தல் பாட்டொன்றுக்குப் பொருள் பார்த்துக்கொண்டிருந்தோம். நம்மில் ஒருவரும் கடற்கரையில் பிறந்தவரில்லை. அடும்பு என்பதற்கு உரையில் 'ஒரு கொடி' என்று மட்டுமே இருந்தது. நான் முல்லைபோல் ஒன்றை மனத்தில் வளர்த்து வைத்திருந்தேன். வீட்டில் கன்னடம் பேசி, தோட்டத்தில் மண் அள்ளி, காதால் கேட்டே தமிழ்ச் செய்யுள் கற்ற நீங்கள் மெல்லச் சொன்னீர்கள்: "பாட்டுல இலையும் பூவும் சொல்ற விதம் பாத்தா, இது நம்ம கெணசுக் கொடி ஜாதிம்மா."

"கெணசு போண்டாவுக்குத்தான் ஆகும் அண்ணி, செய்யுளுக்கு ஆகாது" என்றேன். மண்டபமே சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள்.

அதற்குப்பின் நீங்கள் எங்களோடு பாடினீர்கள். பொருள் மட்டும் சொல்லவேயில்லை. உங்கள் முறை வரும்போதெல்லாம் "நீயே சொல்லு" என்று புத்தகத்தை என் பக்கம் நகர்த்துவீர்கள். என் கல்விக்கு நீங்கள் தந்த மரியாதை என்றே அதை இத்தனை காலம் எண்ணியிருந்தேன். அது மரியாதையா, அண்ணி?

ஆயினும் அந்த மணலில் எனக்கு அழுகை வரவில்லை; சிரிப்புத்தான் வந்தது. புலவர் பாடிய அடும்பு என்ற சொல்லை, அடம்பன் என்று ஒருவர் ஆட்டோவில் சாய்ந்தபடி சர்வ சாதாரணமாகச் சொல்கிறார். கடலையே காணாத நீங்கள், தளி மலையில் இருந்துகொண்டு அந்தக் கொடியின் குலத்தையே கண்டு சொல்லியிருக்கிறீர்கள். நூல் பல ஓதிய எனக்குத் தெரியாதது, களை பறித்த உங்கள் விரலுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு பூவை உள்ளங்கையில் ஏந்தி, "அண்ணி, நீங்க சொன்னதுதான் சரி" என்று வாய்விட்டே சொன்னேன்.

"சாமிகிட்ட நின்னதைவிட இந்தக் கொடிகிட்டதான் அதிக நேரம் நிக்கிற. கப்பல் போயிடும் எழுந்திரும்மா" என்று தேன்மொழி கையைப் பிடித்துத் தூக்கினாள். ஆட்டோக்காரர் விரைந்து ஓட்டியதால் தப்பித்தோம். ஏணிப்படியில் ஏறும்போதும் என் புடவை முழுக்க மணல்.

வருகிற வெள்ளிக்கிழமை அதே மண்டபத்தில் அதே பாட்டை எடுப்பேன். தேன்மொழி எடுத்த அந்தக் கொடியின் படத்தை எல்லோர் கையிலும் கொடுப்பேன். இதற்குச் சரியான உரை கண்டவர் என் அண்ணி, அறியாமல் நகைத்தவள் நான் என்று எழுந்து நின்று சொல்வேன். என் புத்தகத்தில் 'ஒரு கொடி' என்ற இடத்துக்குப் பக்கத்தில் உங்கள் பெயரை மையால் எழுதுவேன். இது அந்தக் குன்றத்து ஈசன் அறிய நான் தரும் வாக்கு.

உங்கள் உரையை ஏற்றுக்கொண்ட,
உங்கள் நாத்தனார்.