கடலடியில் ஒரு வாய்க்கவ்வி

1. இதை எழுதுபவன் வைத்திலிங்கம் நமசிவாயம். பருத்தித்துறையில் வசிப்பவன், சட்டத்தரணி, காணி உறுதி எழுதும் பிரசித்த நொத்தாரிசு. சட்டம் பெயரை மாற்றும்வரை எங்களைப் பிறக்கிறாசிமார் என்றார்கள். ஊர் இன்னும் அப்படித்தான் அழைக்கிறது.

2. தெளிந்த நினைவோடு எழுதுகிறேன். எழுதும்படி எவரும் வற்புறுத்தவில்லை. எழுத வேண்டாம் என்ற வற்புறுத்தல்தான் இருந்தது.

3. கீழே சொல்வன நான் கண்டவை, செய்தவை. கேள்வியால் அறிந்ததைக் கேட்டதாகவே சொல்வேன்.

மாஸ்ரர்,

சில நாட்களுக்கு முன் உங்கள் மனைவி உங்கள் கன்வஸ் பையை என் அலுவலக மேசையில் கொண்டுவந்து வைத்தார். திறந்தவுடன் இறப்பரும் பவுடரும் கலந்த அந்த மணம் எழுந்தது. ஒவ்வொரு ஞாயிறும் கடலிலிருந்து திரும்பியதும் இறப்பர்ச் சாமான்களைக் கிணற்று நீரில் அலசி, நிழலில் உலர்த்தி, பவுடர் தூவி வைப்பீர்கள். திங்கட்கிழமை கணித வகுப்பில் உங்கள் விரல்களில் இருப்பது சுண்ணக்கட்டித் தூளா, குழந்தைப் பவுடரா என்று மாணவர்கள் பந்தயம் பிடிப்பார்களாம். இது கேள்வி.

அந்தப் பைக்கு அருகே ஒரு தாள் இருந்தது. நீங்கள் மறைந்த முப்பத்தோராம் நாளுக்கு அச்சிடும் நினைவு மலருக்காக, எங்கள் சுழியோடிகள் சங்கத்தின் பழைய செயலாளர் என் பெயரில் ஒரு பக்கம் எழுதி, கையொப்பத்துக்கு அனுப்பியிருந்தார். மலரின் பொறுப்பு அவருடையது. உங்கள் அமைதியையும் அடக்கத்தையும் அதில் வெகுவாகப் புகழ்ந்திருந்தார். நடுவில் ஒரு வாக்கியம்: “கடலுக்குள் எங்களிடையே எந்த வேறுபாடும் என்றும் இருந்ததில்லை.”

செயலாளர் உங்கள் வீட்டுக்கும் ஒரு பிரதி அனுப்பியிருந்தார்; உங்கள் மனைவி அதைப் படித்துவிட்டே வந்திருந்தார். எழுந்து போகும்போது சொன்னார்: “உவர் எழுதினதிலை எங்கடை மனிசனைக் காணேல்லை, அண்ணை.”

நான் அதில் கையொப்பமிடப் போவதில்லை. என் முன்னிலையில் நிகழாத ஒன்றை நிகழ்ந்ததாக நான் இதுவரை அத்தாட்சிப்படுத்தியதில்லை. செயலாளர் கெட்ட மனிதர் அல்லர். கெட்ட மனிதர் எழுதிய பொய்யென்றால் கிழித்துப் போட்டிருப்பேன். நல்ல மனிதர் ஒருவர், எல்லாருடைய வசதிக்காகவும் எழுதிய பொய்யை அப்படி விட முடியாது.

நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்குத் தெரியும், மலரைப் படிக்கப் போகிறவர்களுக்குத் தெரியாது.

அறுபதுகளின் பின்பகுதி. வாடைக் காற்று ஓய்ந்து கடல் கண்ணாடி போலாகும் மாதங்களில், காங்கேசன்துறையில் ஞாயிறுதோறும் சிலர் கூடுவோம். முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டிக்கொண்டு கடலடியைப் பார்த்து வருவது எங்கள் பொழுதுபோக்கு. நீங்கள் சாதியின் பெயரால் ஒடுக்கப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர் என்பதை அறிந்தே உங்களைச் சங்கத்தில் சேர்த்தார்கள். பெருந்தன்மையால் அல்ல. எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் இருந்தால், எங்கே தங்கித் தங்கி மேலே வரவேண்டும் என்ற கணக்கு உங்களைப்போல் வேறெவருக்கும் வராது. அந்தக் கணக்குப் பிழைத்தால் இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டி ஆள் முடமாகலாம். உங்கள் கணக்கை நம்பித் தங்கள் இரத்தத்தை ஒப்படைத்தவர்கள், உங்கள் வாய் பட்ட இறப்பருக்கு அஞ்சினார்கள்.

சங்கத்தில் மூன்று தரங்கள். மூன்றாம் தரச் சான்றிதழ் பெற்றவர் பிறருடைய பொறுப்பில் கடலுக்குள் இறங்கலாம். இரண்டாம் தரம் பெற்றவர் பிறரைத் தம் பொறுப்பில் இறக்கலாம். நீருக்குள் அவருடைய கைச்சைகைக்கு மற்றவர்கள் பணிய வேண்டும். முதலாம் தரம் ஆழ்கடலுக்கானது. நீங்களும் நானும் அப்போது மூன்றாம் தரத்தார். இரண்டாம் தரப் பரீட்சைக்கு நீங்கள் விண்ணப்பித்தீர்கள். பரீட்சகர் கொழும்பிலிருந்து வந்தார். கடற்படையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஐரோப்பிய வழிவந்த பறங்கியர், தமிழ் அறியாதவர்.

பரீட்சையின் கடைசிப் பகுதி இது. ஒருவருடைய காற்று தீர்ந்துவிட்டதாகக் கொண்டு, கடலடியில் இருவர் ஒரே சிலிண்டரிலிருந்து மூச்செடுக்க வேண்டும். வாயில் கவ்வும் இறப்பர்த் துண்டு ஒன்றுதான். ஒருவர் இரண்டு மூச்சு இழுத்துவிட்டு அதை மற்றவர் வாயில் வைக்க வேண்டும். அவர் இரண்டு மூச்சு இழுத்துவிட்டுத் திருப்பித் தரவேண்டும்.

உங்களுக்கு இணையாகக் குறிக்கப்பட்டவர் வங்கி அதிகாரி சபாரத்தினம். வள்ளம் துறைமுக அலைதடுப்பைத் தாண்டிக் கடலடிக் கற்பாரருகே நங்கூரமிட்டதும், தமக்குக் காது அடைத்திருக்கிறது என்றார் அவர். காதடைப்போடு இறங்குவது ஆபத்து. எவரும் மறுக்க முடியாத காரணம். அடுத்தவரைக் கேட்டார்கள். அவருக்கும் காது. செயலாளருக்கு இரண்டு காதும். யாழ்ப்பாணப் பட்டினத்தில் இரும்புக்கடை வைத்திருந்த ஹனீபா, சிலிண்டருக்குக் காற்று அடைக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ள வந்தவர், அப்போது நீரில் இறங்கப் பழகாதவர், வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் இருந்து என்னைக் கேட்டார்:

“என்ன பிறக்கிறாசியார், ஒரு வள்ளத்திலை எல்லாருக்கும் ஒரே காதோ?”

பரீட்சகருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லாருக்கும் சளித் தடிமன் தொற்றியிருக்கிறது என்று செயலாளர் அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். அந்த நல்ல மனிதர் அதை நம்பி, பெட்டியிலிருந்து கிருமிநாசினியை எடுத்து வாய்க்கவ்வியைத் துடைத்து, இனிப் பயமில்லை என்று நீட்டினார். எவரும் கை நீட்டவில்லை.

பிறகு செயலாளர் உங்களருகே வந்து தணிந்த குரலில் ஒரு வழி சொன்னார். பரீட்சகரையே இணையாக வைத்துக்கொண்டு செய்து முடியுங்கள், அவர் வெளியூர்க்காரர், எவருக்கும் மனத்தாங்கல் வராது.

நீங்கள் ஈயக்கட்டிப் பெல்ற்றை இறுக்கிக்கொண்டிருந்தீர்கள். நிமிரவில்லை. “அவர் பின்னேர ரெயினிலை போயிடுவார். ஞாயிற்றுக்கிழமையிலை எனக்குப் பக்கத்திலை இருக்கப்போறது நீங்கள். காத்து முடிஞ்சால் கொழும்புக்குத் தந்தியோ அடிக்கிறது?”

செயலாளர் இன்னொரு வழியும் வைத்திருந்தார். இதை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைப்போம், அதற்குள் உங்களுக்கென்று தனியாக ஒரு வாய்க்கவ்வி வரவழைத்துச் சிலிண்டரில் பொருத்திவிடலாம் என்றார்.

அப்போதுதான் நிமிர்ந்தீர்கள். “கடையிலை உங்களுக்குக் கிளாஸ், எனக்குப் போத்தலிலை தேத்தண்ணி. கடலுக்கையும் போத்தலோ? அப்பிடித் தாற சேட்டிபிக்கேற் எனக்கு வேண்டாம். ஆனால் ஏன் தரேல்லை எண்டு உந்த மனிசனுக்கு இங்கிலீசிலை சொல்லுங்கோ. காது எண்டு சொல்லாதையுங்கோ.”



அன்று எனக்குத் துணிவு பிறந்தது என்று எழுத மாட்டேன். சாட்சியமற்ற கூற்று அது. ஒரு விதி இருந்தது. அதை ஒருவருக்கு மட்டும் மறுக்கிறார்கள் என்று கண்டேன். அது என் தொழிலையே அவமதிப்பதாக எனக்குப் பட்டது. தேநீர்க் கடை, கோயில், பேருந்து என்று எத்தனையோ இடங்களைப் பேர் சொல்லி இத்தகைய மறுப்பைக் குற்றமாக்கிய சட்டம் அப்போதே இருந்தது. கடலடியை அதில் எவரும் சேர்க்கவில்லை. பரீட்சகரிடம் விதிப்புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படித்தேன். இணையாக இறங்குபவர் பரீட்சார்த்தியாக இருக்கத் தேவையில்லை. மூன்றாம் தரம் போதும். நான் இறங்குகிறேன் என்றேன்.

நீங்கள் என்னை மேலும் கீழும் பார்த்தீர்கள். “பயமெண்டால் இப்பவே சொல்லுங்கோ, பிறக்கிறாசியார். கீழை போய், கோட்டிலை மாதிரித் தவணை கேக்கேலாது.”

பயமாகத்தான் இருந்தது. இறங்கினேன்.

ஆறு பாகம், முப்பத்தாறு அடி ஆழம் இருக்கும். வெள்ளை மணலில் முழந்தாளிட்டு எதிரெதிரே இருந்தோம். பரீட்சகர் பக்கத்தில். நீர் அன்று அவ்வளவு தெளிவு; மேலே வள்ளத்தின் அடியும், விளிம்பில் குனிந்து கண்ணாடி மாட்டிய முகங்களை நீரில் அமிழ்த்திப் பார்த்துக்கொண்டிருந்தவர்களும் துலக்கமாகத் தெரிந்தார்கள். காது அடைத்தவர்களுக்குக் கண் நன்றாக இருந்தது.

நீங்கள் கையை நெஞ்சின் முன் அசைத்துக் காற்றில்லை என்று காட்டினீர்கள். நான் இரண்டு மூச்சு இழுத்து, வாய்க்கவ்வியை எடுத்து நீட்டினேன். கொடுப்பவர் தம் பிடியை விடக்கூடாது என்பது விதி; வாங்குபவர் அந்தக் கையின்மேல் தம் கையை வைத்து வழிநடத்த வேண்டும். உங்கள் கை என் மணிக்கட்டைப் பற்றியது. இரண்டு மூச்சு. திரும்பி வந்தது. ஊதி நீரை வெளியேற்றிக் கவ்வினேன். உப்பு இருந்தது, இறப்பர் இருந்தது, பரீட்சகரின் கிருமிநாசினி கொஞ்சம் இருந்தது. வேறொன்றும் இருக்கவில்லை. சத்தியக்கடதாசியில் எழுதித் தரவும் ஆயத்தம்.

நாலைந்து முறை மாறியபின், போதும், மேலே போகலாம் என்று பரீட்சகர் பெருவிரலை உயர்த்தினார். நீங்கள் தலையை அசைத்து மறுத்தீர்கள். மேலே குனிந்திருந்த முகங்களை அண்ணாந்து பார்த்தீர்கள். பிறகு, அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கவே, வாய்க்கவ்வியை மறுபடியும் என்னிடம் நீட்டினீர்கள். மறுபடியும் வாங்கினீர்கள். அவசரமே இல்லை. பரீட்சைக்குத் தேவையானதை முடித்தாயிற்று. அதற்குப் பிறகு நடந்தது உங்களுடையது. சிலிண்டரில் காற்று உண்மையிலேயே குறைந்து மூச்சு இறுகத் தொடங்கியபின்தான் பெருவிரலை உயர்த்தினீர்கள்.

மேலே வந்ததும் பரீட்சகர் உங்களைக் கடிந்துகொண்டார். பிறகு சான்றிதழை எழுதினார்.

வீட்டில் செய்தி எனக்கு முன்னே போய்விட்டிருந்தது. என் மனைவி வாசலில் நின்று, “மாமி சொல்லுறா, கிணத்தடியிலை முழுகிப்போட்டு உள்ளுக்கு வரட்டாம்” என்றாள். விடியற்காலை முதல் கடலுக்குள்தானே கிடந்தேன் என்றேன். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்தினாள். அம்மா சிரிக்கவில்லை. எனக்குத் தனியாக ஒரு சாப்பாட்டுக் கோப்பை ஒதுக்கி, என் சோற்றைப் பல மாதம் அதில் போட்டார். அதை உங்களிடம் சொன்னபோது வள்ளம் ஆடும்படி சிரித்துவிட்டு, “வாங்கோ, எங்கடை கட்சிக்கு” என்றீர்கள். என் அலுவலகக் கட்சிக்காரர்கள் சிலர் தங்கள் காணி உறுதிகளை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு போனார்கள். போகட்டும்.

அடுத்த கூட்டத்தில் செயலாளர் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்: கடலில் தலைமை தாங்குபவரைத் தரத்தின்படியன்றிக் குழு தெரிவு செய்யும் என்று. எச்சில் அவர்களுக்கு ஒரு தடை. உங்கள் சைகைக்குப் பணிவது அதைவிடப் பெரிய தடை. முன்னறிவித்தல் இல்லாத திருத்தம் செல்லாது என்று விதியை வாசித்து அதைத் தள்ளவைத்தேன். அதற்குப் பின் நீங்கள் ஒரு வழக்கம் வைத்தீர்கள். உங்கள் தலைமையில் இறங்குகிறவர் எவரும், பருவத்தின் முதல் ஞாயிறு, இடுப்பளவு நீரில் உங்களோடு வாய்க்கவ்வியைப் பகிர்ந்து பழக வேண்டும். பாதுகாப்புக்கான பயிற்சி, குற்றம் சொல்ல எவருக்கும் இடமில்லை. நீந்தவும் சுழியோடவும் கற்றுக்கொண்டு ஹனீபா முதல் ஆளாக வந்தார். சிலர் வந்தார்கள். சிலர் சங்கத்தை விட்டே போனார்கள். செயலாளர் வள்ளத்தில் வந்தார், தேநீர் குடித்தார், கணக்கு வைத்தார்; உங்களோடு ஒருநாளும் நீரில் இறங்கவில்லை. முதலாம் தரத்துக்கு நீங்கள் ஏன் போகவில்லை என்று கேட்டேன். “உவையள் ரெண்டாவதுக்கு வரட்டும், பிறகு பாப்பம்” என்றீர்கள்.

இவைதான் நடந்தவை. அமைதியும் அடக்கமும் உங்களிடம் இருந்தன என்றால், நான் பார்த்த நேரங்களில் இல்லை. நீங்கள் கேட்டுப் பெற்றவர். தர மறுத்தவர்களைப் பார்க்கவைத்துப் பெற்றவர். அதை அழித்துவிட்டு உங்களைப் புகழ்வது, உங்களிடமிருந்து எடுப்பது.

இதுவரை எழுதியபின் சாட்சிகளைத் தேடினேன். வள்ளத்தில் இருந்தவர்களில் என்னைத் தவிர மூவரே மிஞ்சியிருக்கிறார்கள், ஒருவர் செயலாளர். ஹனீபா யாழ்ப்பாணத்திலிருந்து பஸ்ஸில் வந்து, படிக்காமலே கையொப்பமிடப் பேனாவை எடுத்தார். படித்தபின்தான் விடுவேன் என்றேன். அடுத்து, ஹனீபாவையும் கூட்டிக்கொண்டு சபாரத்தினத்திடம் போனேன். மறுப்பார் என்று எண்ணித்தான் போனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மெதுவாகப் படித்தார். அந்த இடம் வந்ததும் விரலை வைத்தார்.

“இதிலை ஒரு பிழை இருக்கு, பிறக்கிறாசியார். காது அடைச்சிருந்தது எண்டு நான் சொன்னனான் எண்டுதான் எழுதியிருக்கிறியள். அடைக்கேல்லை எண்டும் எழுதுங்கோ. எழுதினால் கையெழுத்து வைக்கிறன்.”

எழுதுகிறேன்: அவருக்குக் காது அடைத்திருக்கவில்லை.

மாஸ்ரர், என் அலுவலகத்தில் வருவோருக்கு ஒரு தண்ணீர்ப்பானையும் ஒரு குவளையும் இருக்கின்றன. பானையைச் சுற்றி வந்து, குவளையைப் பார்த்து, நாக்கு வறண்டபடி திரும்பிப் போனவர்கள் உண்டு. இரண்டாவது குவளை வைத்தால் என்ன என்று மதிப்பு மிக்க பெரியவர்களே கேட்டிருக்கிறார்கள். நான் எச்சரிக்கையான மனிதன். எதற்கும் இரண்டு பிரதி எடுத்து வைப்பவன். அதற்கு மட்டும் எடுக்கவில்லை. எடுக்கப் போவதுமில்லை.

செயலாளருக்கு இதன் மூலப்பிரதியை அனுப்புகிறேன். ஒரு சொல்லும் குறையாமல் அச்சிடட்டும். ஒரு சொல் குறைந்தாலும் என் கையொப்பம் இதற்கு உரியதன்று. அச்சிட மனமில்லையென்றால் என் பெயரைத் தலைப்பிலிட்டு அந்தப் பக்கத்தை வெறுமையாக விடட்டும். மலரைப் புரட்டுகிறவர்கள் ஏன் என்று கேட்பார்கள். நான் உயிரோடு இருக்கிறேன். முகவரியும் எல்லாருக்கும் தெரியும்.

ஒப்பம்:
வைத்திலிங்கம் நமசிவாயம்
பருத்தித்துறை

மேற்படியாருடைய முன்னிலையிலும் ஒருவர் மற்றவருடைய முன்னிலையிலும், முழுவதையும் படித்தறிந்து ஒப்பமிட்ட சாட்சிகள்:

மு. ஹனீபா, யாழ்ப்பாணம்
க. சபாரத்தினம், காங்கேசன்துறை