பூசாரி சட்டை போட்ட ஞாயிறு

மார்ச் 3, திங்கள்
விடிந்ததிலிருந்து மூடுபனி. தேயிலை ஃபேக்டரியில் மின்தடை, தூள் சலிப்பு அரை மணி நேரம் நின்றது. வாங்க வேண்டியது: சீனி, கடுகு, தைலம்.

மத்தியானம் கோயில் கமிட்டி முடிவு தெரிந்தது. எங்கள் எஸ்டேட் மாரியம்மன் கோயில் பூசாரி விதவையைக் கட்டக்கூடாதாம். பழைய விதிப் புத்தகத்தில் இருக்கிறதாம். விதவை நான். பூசாரி முருகேசு, மனைவியை இழந்தவர், பதினோரு வருஷமாக அந்தப் பட்டத்தில் இருக்கிறார். ஒன்று என்னை விட வேண்டும். இல்லை, ஞாயிறன்று எல்லார் முன்னாலும் பட்டத்தை இறக்குவார்கள்.



மார்ச் 4, செவ்வாய்
வேலை விட்டதும் முருகேசு ஃபேக்டரி கேட்டில் நின்றார். இந்தக் குளிரிலும் மேலுக்கு வெறும் துண்டு.

"இறக்கட்டும் ராணி."

"அவசரப்படாதீங்க. கோயிலுக்குப் பின்னால இருக்கிற வீடும் போயிரும்."

"போவட்டும். கோலா தெர்லா தோட்டத்துல காய்கறி லோரி ஓட்ட ஆள் கேட்டாங்க. வரேன்னு சொல்லிட்டேன்."

"ஆத்தா கோவிச்சுக்கிட்டா?"

"தினம் குளிப்பாட்டி சேலை கட்டி விடுறவன் நான். அவ கோவம் எனக்குத் தெரியும். இதுக்கெல்லாம் கோவிக்க மாட்டா."

லயத்து வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முகம் கழுவும்போது சிரிப்பு வந்தது. பைத்தியம்தான்.

மார்ச் 6, வியாழன்
மழை. துணி காயவில்லை. ஈப்போவிலிருந்து மகள் கவிதா போன். எப்படிச் சொல்வதென்று நான் இழுத்துக்கொண்டிருக்க, "எனக்கு அப்பவே தெரியும் லா. சேலை வாங்கிட்டீங்களா இல்லையா, அதச் சொல்லுங்கம்மா."

இல்லை என்றேன்.

"பச்சை வாங்கிட்டு வரேன்." வைத்துவிட்டாள். அரை மணி நேரம் போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு
பத்து மணிக்கு மழை விட்டது. லயத்து ஜனம் முழுக்கக் கோயிலில். நான் தண்ணீர்த் தொட்டி ஓரம், என்னோடு தூள் சலிக்கும் லெட்சுமி பக்கத்தில்.

நீலச் சட்டையில் வந்தார். அவரைச் சட்டையில் யாரும் பார்த்ததில்லை. ஒரு பட்டன் மாறிப் போட்டிருந்தார். மேசையில் ஒவ்வொன்றாக வைத்தார். கருவறைச் சாவி. கைமணி. வெள்ளிப் பூண் பிரம்பு. கடைசியாக மடித்த சிவப்புப் பட்டு, அதை மட்டும் ஒருமுறை தடவிவிட்டு.

கமிட்டித் தலைவர் சுப்பையா கடிதத்தைப் பிரித்தார். இவரைப் பூசாரியாக அமர்த்தியதும் அவர்தான். "இன்று முதல்" என்றார். கண்ணாடியைத் துடைத்து மறுபடி, "இன்று முதல்..."

"முடியலப்பா, முருகேசு."

"கொடுங்க தலைவரே."

வாங்கி இவரே படித்தார், அர்ச்சனை சொல்லும் அதே குரலில். "இன்று முதல் முருகேசு பூசாரிப் பட்டத்திலிருந்து நீக்கப்படுகிறார். கருவறைக்குள் நுழையும் உரிமையும் திருவிழாவில் முதல் மரியாதையும் அவருக்கு இனி இல்லை." படித்து முடித்து, "கையெழுத்து எங்க போடணும்?"

யாரோ சிரித்தார்கள். லெட்சுமி குலவை போட்டாள். அவ்வளவுதான், பெண்கள் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். பட்டம் இறக்கும் இடத்தில் குலவை. தலைவர் அழுதுகொண்டே சிரித்தார். "அடுத்த கூட்டத்துல அந்த விதியத்தான் முதல்ல எடுக்கணும்," என்று செயலாளரிடம் சொன்னது எனக்கும் கேட்டது.

மார்ச் 10, திங்கள்
அரை நாள் லீவு. தானா ராத்தா டவுன் பதிவு ஆபீஸில் திருமணப் பதிவுக்கு மனு. மூன்று வாரம் அறிவிப்பு ஒட்டியிருக்குமாம். பெயர்களைப் பலகையில் ஒட்டும்வரை நின்று பார்த்தோம். முட்டு வலி. தைலம் வாங்க மறந்தாச்சு.

ஏப்ரல் 4, வெள்ளி
நல்ல வெயில். பதிவு முடிந்தது. பச்சைச் சேலை, ரவிக்கை கொஞ்சம் இறுக்கம். லெட்சுமியும் கவிதாவும் சாட்சி. கம்போங் ராஜாவில் பாய் கடையில் தேநீர், ரொட்டி. "கல்யாண ஆளுங்களா," என்று பாய் ஆளுக்கு ஒரு ரொட்டி கூட வைத்தார்.

சாயங்காலம் கோயில். புதுப் பூசாரி பேராக்கிலிருந்து வந்தவர். தீபம் காட்டி விபூதித் தட்டோடு வந்தார். இவர் குனிந்து, எல்லாரையும் போலக் கை நீட்டி வாங்கினார். இத்தனை வருஷம் கோயிலில் இவரை எதிரில்தான் பார்த்திருக்கிறேன், தீபத்துக்கு அந்தப் பக்கம். இன்று தோளோடு தோள். கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மூட மனம் வரவில்லை.