இடதுகைக்காரரின் கத்தி

மே 11, திங்கள்

காலையிலிருந்து நாலு பேர். நாலு பேரும் பக்ரீத்துக்குப் பழைய கத்தியைச் சாணை பிடிக்க வந்தவர்கள். 'கைக்கு அளவாகக் கத்தி செய்து தரப்படும்' என்று இம்மாம்பெரிய போர்டு வைத்திருக்கிறேனே, கண்ணு தெரியலயா? ஷார்ஜாவிலிருந்து லீவில் வந்து மேலகரத்தில் பட்டறை போட்டு ஐந்து மாதம். விற்றது ஒன்பது கத்தி. ஜூன் முப்பதுக்குள் திரும்பாவிட்டால் கம்பெனி வேறு ஆள் போட்டுக்கொள்ளும். கத்தி செய்தே பிழைத்துவிடலாம் என்று மனைவி சஃப்ரினிடம் வீறாப்பாகச் சொல்லித்தான் பட்டறை போட்டேன். இப்போது அவள் முன்னால் மூஞ்சியை எங்கே கொண்டுபோய் வைக்க?

மே 14

கத்தி என்றதும் கூரியர்காரர் பெட்டியைத் திருப்பித் தள்ளிவிட்டார். கொச்சி ஆர்டர் போச்சு.

மே 22, வெள்ளி

புளியறையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோழி வெட்டுகிற கணேசமூர்த்தி அண்ணாச்சி போனில் ஒரு கத்தி சொல்லியிருந்தார். முடித்து, பஸ் கண்டக்டரிடம் கொடுத்துவிட்டேன். இதுவரை செய்ததில் இதுதான் உருப்படி.

மே 25, திங்கள்

அண்ணாச்சி போன். "கத்தி நேரா இறங்க மாட்டேங்கு. ஒதுங்கி ஓடுதுடே." உமக்குப் பிடிக்கத் தெரியல என்று கத்திவிட்டேன். கோபம் ஆறாமல் பஸ் ஏறிப் போனேன். வெட்டிக் காட்டும் என்றேன். இடது கையில் எடுத்தார்.

நான் ஒரு பக்கம் மட்டும் சரித்துத் தீட்டியிருந்தேன் — வலது கைக்கு. போனில் நீளம் கேட்டேன், எடை கேட்டேன், பிடிக்கு என்ன நிறம் என்றுகூடக் கேட்டேன். எந்தக் கை என்று கேட்கவில்லை. அளவாம், மண்ணாங்கட்டி.

அவர் திட்டவில்லை. "முப்பது வருசமா வலதுகைக்காரன் கத்தியத்தான் புடிக்கேன். நீ என் கைக்குச் செய்வேன்னுதாம்டே சொன்னேன்." அவமானமாக இருந்தது.

ஜூன் 3

இரண்டு நாள் அந்தக் கடையில் நின்று அவர் வெட்டுவதைப் பார்த்தேன். கையைக் காகிதத்தில் வரைந்துகொண்டு வந்து, இடது கைக்கென்று புதுக் கத்தி ஒன்று ஆரம்பித்திருக்கிறேன். சஃப்ரின் கேட்டாள், "மச்சான், இது ஒண்ணுக்கு எத்தன நாளு ஆவும்?" பார்த்ததையும் சேர்த்தால் ஒன்பது. சொன்னேன். துணி காயப்போடப் போய்விட்டாள். ஏசித் தொலைத்தால் என்ன?

ஜூன் 12, வெள்ளி

புதுக் கத்தியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அண்ணாச்சி மளமளவென்று ஆறு கோழி வெட்டினார். "இப்பதாம்டே மணிக்கட்டு கடுக்கல." அழுகை முட்டிவிட்டது.

திரும்பும்போது செங்கோட்டை வரைக்கும் சந்தோஷம். அப்புறம் யோசனை. சரியாகச் செய்தால் ஒன்பது நாள். சீக்கிரம் செய்தால் வலதுகைக் கத்தி. இதில் குடும்பம் எப்படி ஓடும்?

ஜூன் 30, செவ்வாய்

வரமாட்டேன் என்று கம்பெனிக்கு எழுதிவிட்டேன். நாளை முதல் தென்காசியில் ஒரு கிரில் பட்டறையில் வெல்டிங் வேலை. கத்தி ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

"தோத்துட்டேன் சஃப்ரின்" என்றேன்.

"சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவீங்கள்லா?" என்று கேட்டாள். வந்துவிடுவேன் என்றேன்.

ஜூலை 5, ஞாயிறு

பட்டறையைத் திறந்தேன். மதியம் வரை ஒரே ஒரு பிடியைத் தேய்த்தேன். யாரும் வரவில்லை. நானும் வாசலை எட்டிப் பார்க்கவில்லை.