ஆறப் போட்ட நிலம்

பிப்ரவரி 15, ஞாயிறு

காலையில் பனி. பஸ் கண்ணாடிக்கு வெளியே ஒன்றும் தெரியவில்லை. பொம்மனஹள்ளியில் ஏறி உட்கார்ந்ததும் தூக்கம். பஸ்ஸுக்குள் புல் முளைத்ததாகக் கனவு. சீட்டுக்கு அடியில், கம்பியைச் சுற்றி, கண்டக்டருக்கு முழங்கால் வரை. அவர் டிக்கெட் மட்டும் கேட்டார். கண் விழித்தால் அத்திபெலே.

இன்றைய வேலை: வலை வேலியைப் பிடுங்கி அடுத்த கட்டத்தில் நட வேண்டும். தண்ணீர்த் தொட்டி கழுவ வேண்டும். சினை ஆடு கறுப்பிக்கு மடி இறங்கிவிட்டது, கண் வைத்திருக்க வேண்டும்.

சேகர் (என் வீட்டுக்காரர் என்று எழுத வேண்டுமா, யார் படிக்கப் போகிறார்கள்) ராத்திரி காவலுக்கு ஷெட்டிலேயே படுக்கிறார். போர்வையில் செம்மறி வாசனை. நல்ல வாசனைதான்.

எங்கள் மேய்ச்சல் பாண்டி ஆட்டம் மாதிரி. நிலம் முழுக்கக் கட்டங்கள். ஆடுகள் ஒரு கட்டத்தில் நுனிப்புல்லைக் கடித்ததும் அடுத்த கட்டத்துக்குத் தாவ வேண்டும். கல் விழுந்த கட்டத்தில் மட்டும் கால் வைக்கக் கூடாது. இப்போது கல் ஏரிக்கரைக் கட்டத்தில். மழைக்காலத்திலிருந்து அங்கே ஓர் ஆடும் போகவில்லை. முழங்கால் உயரப் புல். மேலே பழுப்பு, விலக்கினால் அடியில் பச்சை. கோடையில் குட்டி போட்ட தாய்களுக்கு அது. போன கோடையில் ஊரே தீவன மூட்டை சுமந்தது, நாங்கள் ஒன்றுகூட வாங்கவில்லை. எங்கள் லாபம் என்பது அந்த வாங்காத மூட்டைகள்தான்.

மதியம் அந்தப் புல்லுக்குள் போய்ப் படுத்தேன். கார்மென்ட்ஸில் இருந்த வருடங்களில் மதியம் என்றால் டியூப்லைட். வானம் இத்தனை நேரம் சும்மா திறந்து கிடக்கும் என்று அப்போது தெரியாது.

பிப்ரவரி 16, திங்கள்

வெயில். மஞ்சண்ணா வந்தார், நிலத்துக்காரர். ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே ஏரிக்கரைக் கட்டத்தைப் பார்த்தார். முகம் சரியில்லை.

"ஏனம்மா செல்வி, இது காடு ஆகோய்தல்லா." காடாகிப் போச்சாம்.

குடோன் கட்ட ஒரு பார்ட்டி இடம் கேட்கிறதாம். யுகாதிக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டுமாம். நிலம் சும்மாதானே கிடக்கிறது என்றார்களாம்.

சும்மா! இந்த இடம் போனால் ஆடுகளை நிறுத்த வேறு இடம் இல்லை. அத்தனையும் கறிக்கடைக்கு. கறுப்பியும்.

என் செங்கம் ஊர்த் தமிழில் 'ப' வரும் இடத்தில் 'ஹ' போட்டால் கன்னடம் என்பது என் நம்பிக்கை. பாலு ஹாலு, புல்லு ஹுல்லு, பூவு ஹூவு. இதுவரை கைவிட்டதில்லை. நிலத்தை ஆறப் போட்டிருக்கிறேன், ஓய்வு கொடுத்திருக்கிறேன் என்று அவருக்குப் புரியவைக்க வேண்டும். அப்படியே சொன்னேன்.

"மஞ்சண்ணா, நெலா ஆரக்கே ஹாகிதீனி."

"ஆரக்கா?" புல்லைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். முகம் தெளிந்தது. "ஓ! சரி பிடு. நானே ஹாக்ஸ்தீனி."

அவரே ஆறப் போடச் சொல்கிறாராம்! "ஹாக்ஸி, ஹாக்ஸி" என்று கும்பிட்டேன். எவ்வளவு நல்ல மனுஷன்.

சாயந்திரம் சேகர் நம்பவில்லை. "அவரு இன்னா சொன்னாரு, நீ இன்னா புரிஞ்சிகின? பேசாம ஆட்ட உள்ள வுடு. நாலு நாள்ல மொட்ட அடிச்சிடும். எடம் நீட்டா தெரியும்."

"நீட்டா தெரியும். அப்புறம் ஏப்ரல்ல எல்லாம் நீட்டா பட்டினி கெடக்கும்."

சிரித்துவிட்டார். அதோடு விட்டோம்.

பிப்ரவரி 18, புதன்

என்ன எழுத.

பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கும்போதே மெஷின் சத்தம். சேகர் விடியற்காலையிலேயே கிடாக்களைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஈஜிபுரா போய்விட்டார். நிலத்தில் தடுக்க யாரும் இல்லை. ஏரிக்கரைக் கட்டத்தில் ஓர் ஆள், தோளில் புல் வெட்டும் மெஷின். முக்கால்வாசி முடித்துவிட்டார். ஓடினேன். ஒரு செருப்பு எங்கோ போயிற்று.

ஓசூர்க்காரர், தமிழ்தான். "மஞ்சண்ணா அனுப்ச்சாருக்கா. அந்தம்மா புல்ல காயப் போடணும்னு சொல்லுது, பாவம் ஆளு இல்ல, நீ போயி அறுத்து வெயில்ல பரப்பிட்டு வான்னாரு. கூலிகூட அவரே குட்துட்டாரு."

மஞ்சண்ணாவுக்குப் போன் போட்டேன். "நீனே ஹேள்தெயல்லம்மா, ஆரக்கே ஹாகிதீனி அந்தா?" நீதானே சொன்னாய் என்கிறார். குரலில் உதவி செய்தவரின் சந்தோஷம். திட்ட வாய் வரவில்லை. தேங்க்ஸ் என்றேன். தேங்க்ஸ்!

வரப்பில் உட்கார்ந்து அழுதேன். ஆடுகள் வலைக்கு அந்தப் பக்கம் வரிசையாக நின்று பார்த்தன.

பிப்ரவரி 19, வியாழன்

வெயில் அதிகம். துவைத்த துணி. மொட்டை மாடியில் பக்கத்து போர்ஷன் கீதா. "பட்டே ஆரக்கே ஹாகிதீனி, மளே பந்த்ரே எத்கொள்ளி." துணி காயப் போட்டிருக்கிறாளாம், மழை வந்தால் நான் எடுக்க வேண்டுமாம். தினமும் காதில் விழுகிற பேச்சு. இதைத்தான் தூக்கிக்கொண்டு போய் நிலத்தில் போட்டிருக்கிறேன்.

நமக்கு டீ ஆறும், புண் ஆறும், கோபம் ஆறும், நிலமும் ஆறும். இவர்களுக்குத் துணி ஆறும். சரி, நமக்குத் துணி காயும். இவர்களுக்கோ காய்வது என்றால் காத்திருப்பது, காவல் காப்பது. என்னை இங்கே 'குரி காயோளு' என்பார்கள். ஆடு காப்பவள். வந்த புதிதில், ஆட்டை நான் எங்கே காயப் போட்டேன் என்று குழம்பியிருக்கிறேன். அப்போதே உஷாராகியிருக்க வேண்டும்.

சேகருடன் சண்டை. அறுத்த புல்லைக் கட்டி மாட்டுக்காரர்களுக்கு விற்கலாம் என்கிறார். ஒரு பிடிகூட எடுக்கக் கூடாது என்றேன். மொட்டையாகக் கிடக்கிற மண் மார்ச் வெயிலில் தோசைக்கல் ஆகிவிடும். வேர் வெந்துவிடும். அந்தப் புல்லையே மண்ணுக்குப் போர்வையாக விட்டால் ஒருவேளை பிழைக்கும்.

"மொதல்ல காடு மாதிரி இருந்திச்சி. இப்ப குப்ப மேடு மாதிரி கீது. இத பாத்துட்டு குடோன்காரனுக்குக் குட்க்காம இன்னா பண்ணுவாரு?"

சேகர் சாப்பிடாமல் எழுந்து போனார். எனக்கும் ஆறவில்லை.

மார்ச் 3, செவ்வாய்

புழுதி. குடோன் ஆட்கள் டேப் பிடித்து அளந்துவிட்டுப் போனார்கள். நாய் குரைத்துக் களைத்துவிட்டது.

ஈஜிபுரா கறிக்கடை பாய், என்ன தீனி என்று கேட்டாராம்: "க்யா கிலாதே ஜி நீங்க? கொழுப்பு கம்மி, ருசி ஜாஸ்தி. கஸ்டமருங்க உங்க ஆட்டதான் கேக்குறாங்க." சேகர் சொன்னாராம்: "ஒண்ணும் இல்ல பாய், நடக்க வுடறோம்." இதைச் சொல்வதற்காகவே என்னிடம் பேசினார். பிறகு மறுபடி பேச்சு இல்லை.

மதியத் தூக்கத்தில் கனவு. அளக்கிற டேப் தரையில் நீண்டுகொண்டே போகிறது. எண்களுக்கு நடுவில் புல் முளைக்கிறது. ஆடுகள் எண்களை விட்டுவிட்டுப் புல்லை மட்டும் கடிக்கின்றன.

மார்ச் 11, புதன்

மழை!! சாயந்திரம் முக்கால் மணி நேரம் நல்ல மழை. மாடியில் நனைந்துகொண்டே நின்றேன், அத்திபெலே பக்கம் கறுத்திருக்கிறதா என்று பார்த்தபடி. கறுத்திருந்தது. கீதாவின் துணியை எடுக்க மறந்துபோனேன். நல்ல திட்டு. சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன்.

மார்ச் 12, வியாழன்

மண் வாசனை, ஆட்டு வாசனை, ஈரக் காம்பு வாசனை. கறுப்பி ராத்திரி இரண்டு குட்டி போட்டிருக்கிறாள். ஒன்றுக்கு ஒரு காது மட்டும் வெள்ளை.

அறுத்த புல்லைத் தூக்கிப் பார்க்கப் பயம். பார்க்கவில்லை. ஒன்றும் இல்லாவிட்டால்? தூரத்திலேயே நின்றேன். சேகர் டீ கொண்டுவந்து நீட்டினார்.

"ஆறிடப் போவுது, குடி."

இருவரும் சிரித்துவிட்டோம். முதலில் யார் என்று தெரியாது.

மார்ச் 17, செவ்வாய்

லேசான மேகம். நாளை மறுநாள் யுகாதி. மஞ்சண்ணா காரில் வந்தார். குடோன்காரர்களின் கார். அவர்கள் ஏ.சி.யைப் போட்டுக்கொண்டு ரோட்டிலேயே இருந்தார்கள். இவர் மட்டும் இறங்கி உள்ளே வந்தார்.

பரப்பிய புல் காய்ந்ததா என்று பார்க்க ஒரு கத்தையைத் தூக்கினார்.

"இன்னூ ஆரில்வல்லம்மா."

ஆமாம், இன்னும் ஆறவில்லை. நானும் குனிந்தேன். அடியில் மண் கறுப்பாக, ஈரமாக, ஒரு மண்புழு. நடுநடுவே இளம்பச்சை முனைகள். ஊசி ஊசியாக. வெளியே ரோட்டோரம் முழுக்கப் புழுதி பறக்கிறது, இங்கே மண் குளிர்ந்து கிடக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இடத்தில் முகத்தை வைத்துப் படுத்துவிடலாம் போல இருந்தது.

மஞ்சண்ணா உள்ளங்கையை மண்ணில் வைத்தார். எடுக்கவில்லை.

"அந்தின 'ஆரக்கே' அந்தெயல்லா, நின் பாஷேலி ஏனம்மா அது?"

அன்றைக்கு நான் சொன்னதற்கு என் பாஷையில் என்ன அர்த்தம் என்கிறார். கன்னத்தில் கையை வைத்துத் தலையைச் சாய்த்து, தூங்குகிற மாதிரி காட்டினேன். பிறகு மண்ணைத் தொட்டுக் காட்டினேன்.

"ஓஹோ," என்றார். "நானே ஏளிஸ்பிட்னா?" நானே எழுப்பிவிட்டேனா. சிரித்தார், ஆனால் முகம் வாடிவிட்டது. எடுத்த கத்தையை எடுத்த இடத்திலேயே மெதுவாக வைத்து மூடினார். குழந்தைக்குப் போர்த்துகிற மாதிரி.

ரோட்டில் ஹார்ன்.

"மஞ்சண்ணா, அவங்க கூப்பிடறாங்க," என்றேன். தமிழில்தான் வந்தது.

எழுந்திருக்கவில்லை அவர். "அவரு காய்லி பிடு," என்றார். "நெலா ஆரலி." நிலம் ஆறட்டுமாம், என் பாஷையில்.

மறுபடி ஹார்ன். காயட்டும்.