வெள்ளைத் துணிக்குள் இருவர்

அம்போன், நமாஹுலா
மார்ச் 4, 2006

சுத்தியலும் நீள மூக்குமாய் ஊர் விட்டுப் போன ரஜபுக்கு,

உன் கடிதம் என் மீன் கூடையில் விழுந்து நனைந்துவிட்டது. ஆனாலும் ‘சோரோங்குக்கு வந்துவிடு, கல்யாணம் செய்துகொள்வோம்’ என்ற வரி மட்டும் அழியவில்லை. பிடிவாதக்காரன் எழுத்து வேறு எப்படி இருக்கும்? மற்ற வரிகளை எழுத்துக் கூட்டித்தான் படித்தேன். அந்த வரியில் மட்டும் தடுமாறவே இல்லை.

நேரே போதகர் மகதலேனா அக்காவிடம் போனேன். மாப்பிள்ளை முஸ்லிம் என்றதும் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சிரித்தார். கடவுள் ஒரே வாசல் வைத்த வீட்டிலா குடியிருக்கிறார், அவரவர் தொழுகை அவரவரோடு இருக்கட்டும், சபையில் எவன் எதிர்த்தாலும் நான் பேசிக்கொள்கிறேன் என்றார். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. பிறகு எந்த ஊர் என்று கேட்டார். சொன்னேன். சிரிப்பு நின்றுபோனது.

“யோசினா, அது நம்ம பேலா ஊராச்சே. மதம்னா நான் யார்கூட வேணாலும் மல்லுக்கு நிப்பேன். இது ரெண்டு ஊரும் கூடப்பிறந்தவங்கன்னு பாட்டன்மார் ரத்தத்தைக் கலந்து குடிச்சுப் பண்ணின சத்தியம். அவன் உனக்கு அண்ணன்டி.”

பார்த்தாயா, கடவுள் சம்மதித்துவிட்டார், பாட்டன்மார்தான் மசியவில்லை. கிழவர்கள் அன்றைக்குக் கள்ளோடு நிறுத்தியிருக்கக் கூடாதா?

இதோடு விட்டார்களா? ஜூன் மாதம் அந்தச் சத்தியத்தைப் புதுப்பிக்கிறார்களாம். ஆளுநர் வருகிறார். நீளமான வெள்ளைத் துணியைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு இரண்டு ஊரும் அதற்குள் நடக்க வேண்டும். முன்னால் நாம் இருவர். முந்தைய மதக் கலவரத்தில் பேலாத் தங்கையைத் தன் வீட்டில் ஒளித்துவைத்த அண்ணன் என்று சர்ச் சுவரில் நம் படம்கூட ஒட்டியாயிற்று. அதில் உன் மூக்குக்கே பாதி இடம். மீன் வாங்க வருகிறவர்கள் எல்லாம் ‘அண்ணன் சுகமா’ என்கிறார்கள். நேற்று உங்கள் ஊர்க்காரர் ஒருவர் என் பெரிய சூரை மீனைக் கேட்டார். பேலா ஊரார் கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாதே, பல்லைக் காட்டிக்கொண்டே கொடுத்தேன்.

கவிழ்த்த கூடைக்குள் அகப்பட்ட நண்டு மாதிரி எந்தப் பக்கம் போனாலும் முட்டுகிறது. ஏதாவது சொல்.

என்ன முறை என்று எழுதாத
யோசினா

*

சோரோங்
மார்ச் 21

யோசிக்கு,

உன்னைப் போல் சிரிக்கச் சிரிக்க எழுத எனக்கு வராது. அந்தப் படத்தைக் கிழித்துவிடு.

கலவரத்தன்று வெளியே கத்தியோடு ஆட்கள் நின்றார்கள். நீ என் அம்மாவின் முக்காட்டைப் போட்டுக்கொண்டு அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து என் மூக்கைக் கேலி செய்தாய். உன்னைத்தான் கட்டுவேன் என்று அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. வாசலில் போய், “உள்ள இருக்கிறது என் தங்கச்சி” என்று சொன்னதும் நான்தான். அந்தச் சொல்தான் உன்னைக் காப்பாற்றியது. அதற்குள்ளேயே நம்மைப் பூட்டிவிட்டார்கள்.

இங்கே யாருக்கும் பேலா தெரியாது. உங்கள் ஈஸ்டருக்கு முன்னால் வரும் கப்பலில் ஏறு. துறைமுகத்தில் நிற்பேன்.

ரஜப்

*

நமாஹுலா
ஏப்ரல் 20

அன்புள்ள ரஜப் அண்ணனுக்கு,

துறைமுகத்தில் நின்று நின்று கால் கடுத்திருக்கும். கோபித்துக்கொள்ளாதீர்கள். நான் மூட்டை கட்டினேன், உங்களுக்காகப் புகைபோட்ட மீன்கூட வைத்திருந்தேன். கடைசியில் அதை மகதலேனா அக்கா தின்றார், உடம்பு இளைக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே.

கப்பலுக்குச் சந்தை வழியாகத்தான் போனேன். எங்கோ இரண்டு மோட்டார் சைக்கிள் மோதிக்கொண்டனவாம். அந்தச் சண்டை சந்தைக்கு வந்து சேர்வதற்குள் சர்ச்சுக்கும் மசூதிக்கும் சண்டையாகிவிட்டது. கடைகள் மூடிவிட்டன. தலையில் மூட்டையோடு நான் நடுத்தெருவில். உங்கள் அக்கா சைதா எங்கிருந்தோ ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்லோடு நின்றவர்கள் உங்கள் மதத்து ஆட்கள். அவர்களைப் பார்த்துச் சொன்னார்:

“இவ என் பேலாத் தங்கச்சி. எறியிறவன் முதல்ல என் மேல எறி.”

நீங்கள் வாசலில் நின்று சொன்ன அதே சொல். ஒருவன் கல்லைக் கீழே போட்டான். பிறகு மற்றவர்களும்.

வீடுவரை கூட வந்தார். மூட்டையைப் பார்த்ததும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. திட்டவில்லை.

“நீ என் தம்பிகிட்டப் போயிட்டா, நாளைக்கு நான் இந்த வார்த்தையைச் சொன்னா எவன்டி நம்புவான்?”

நான் மூட்டையைத் தலையிலிருந்து இறக்கினேன். பிறகு, ஜூனில் என் தம்பியோடு நட, பேலா ஊர்க்காரியாகக் கேட்கிறேன் என்றார். கேட்டால் மறுப்பது ஏது? சரி என்றேன். மூட்டையை அவரே பிரித்து வைத்துவிட்டுப் போனார்.

இப்போது நான் கேட்கிறேன், அண்ணா. பேலா ஊர்க்காரியாகத்தான் கேட்கிறேன். வாருங்கள். துணி போதாதாம், எல்லோரும் நெருங்கித்தான் நடக்க வேண்டியிருக்குமாம். என் பக்கம் மட்டும் திரும்ப வேண்டாம். நான் எப்போதும்போல் சிரித்துக்கொண்டு வருவேன். உங்கள் மூக்கைப் பற்றி இனி ஒன்றும் சொல்ல மாட்டேன்.

தங்கை
யோசினா