நைனாக்கள் கட்டிய வலை

இன்று காலை விளையாட்டு அறைக் கதவைத் திறந்ததும் உன் சவுக்குமரக் கம்பு சரிந்து என் தோளில் விழுந்தது. நல்ல வலி. "ஏய்!" என்று அதட்டிய பிறகுதான் யாரை அதட்டுகிறேன் என்று உறைத்தது. உச்சிக்குச் சற்றுக் கீழே நீ நகப்பூச்சால் போட்ட சிவப்புக் கோடு அங்கங்கே உரிந்து இன்னும் இருக்கிறது. பெண்கள் வாலிபால் ஆட்டத்துக்கு வலையின் உயரம் அது. கல்லூரியில் இரும்பு அளவுகோல் வாங்கிக் கொடுத்த பிறகும் நீ இந்தக் கம்பை விடவில்லை.

உனக்கு ஒரு சங்கதி சொல்ல வேண்டும், சுகுணாவைப் பற்றி. ஆனால் சித்தூரிலிருந்து ஆரம்பித்தால்தான் எனக்குச் சரியாக வரும்.

சித்தூரில் நாம் இருவரும் படித்தபோது நீ பந்தைத் தூக்கிக் கொடுக்கிற செட்டர், நான் அடிக்கிறவள். ஒரு போட்டியன்று உன் நைனா உன்னை இழுத்துக்கொண்டு போக மைதானத்துக்கே வந்துவிட்டார். மாங்காய் லாரிகளில் லோடு கட்டுகிறவர். மகள் அரைக்கால் சட்டை போட்டுக்கொண்டு ஆடுகிறாள் என்று யாரோ ஊதிவிட்டிருந்தார்கள். அவர் வந்து நின்ற நேரம் வலை நடுவில் தொங்கிக்கொண்டிருந்தது, அதைக் கட்ட வேண்டிய ஆள் டீ குடிக்கப் போயிருந்தார். நீ அழவில்லை, கெஞ்சவில்லை. "நைனா, மொதல்ல இத்த கொஞ்சம் இஸ்துக் கட்டு. அப்பால திட்டு" என்றாய். தளர்ந்த கயிற்றைப் பார்த்தால் அவருக்குக் கை சும்மா இருக்காது. லோடு கட்டுகிற முடிச்சைப் போட்டு இழுத்தார், வலை விண்ணென்று நின்றது. தான் கட்டியது தாங்குகிறதா என்று பார்க்க உட்கார்ந்தவர் ஆட்டம் முடியும்வரை எழுந்திருக்கவில்லை. ஊருக்குத் திரும்பும் பஸ்ஸில் அவர் உன்னிடம் சொன்னது, "அந்த நெட்டச்சிக்கு இன்னும் ஒசரமா தூக்கிக் குடுக்கணும்மே." நெட்டச்சி நான்தான்.

பிறகு திருப்பதியில் ஒரே கல்லூரியில் இருவருக்கும் வேலை கிடைத்தது. பெரிய கோச் இடம் காலியானபோது உன்னைத்தான் முதலில் கேட்டார்கள். "கோட்டோரம் நின்னுக்கினு கத்தறதுக்கு இவ போதும். பொண்ணுங்கள ஊட்லேர்ந்து இட்டுக்கினு வர ஆள் வேணாவா?" என்று என்னை முன்னால் தள்ளிவிட்டாய். எனக்குப் பிச்சை போடுகிறாயா என்று ஒரு வாரம் உன்னோடு பேசவில்லை. நீ அசரவில்லை. கடைசிவரை உதவிப் பயிற்சியாளராகவே இருந்தாய். பார்க்கிறவர்களெல்லாம், இன்னும் அசிஸ்டெண்ட்தானா என்று கேட்டார்கள். "ஆமா, இன்னும் அசிஸ்டெண்ட்தான்" என்று பதவி உயர்வு வாங்கியவள் மாதிரி சிரித்துக்கொண்டே சொல்வாய்.

நகரி, புத்தூர், சத்தியவேடு, நாகலாபுரம் பக்கம் எந்தப் பெண் நன்றாக எகிறிக் குதிக்கிறாள் என்று கேள்விப்பட்டாலும் நீ பஸ் ஏறிவிடுவாய். இந்தக் கம்பும் கூடவே வரும். "கர்ரக்கி கூடா டிக்கெட் தீஸ்கோண்டி, மேடம்" என்று கண்டக்டர்கள் கம்புக்கும் சேர்த்து டிக்கெட் கேட்டுக் கிண்டல் செய்வார்கள். வீட்டு வாசலில் கம்பை நிறுத்தி, அந்தப் பெண்ணின் அப்பாவைக் கையைத் தூக்கிக் கோட்டைத் தொடச் சொல்வாய். எட்டாது. "உம்பொண்ணு இதுக்கு மேல எகிறி அடிக்குதுண்ணா. ஒரு தபா வந்து வல மட்டும் கட்டிக் குடுத்துட்டுப் போ, மிச்சத்துக்கு நான் பொறுப்பு" என்பாய். அவ்வளவுதான் உன் பேச்சு. வலை கட்டின அப்பன் ஆட்டத்தின் பாதியில் எழுந்து போகமாட்டான் என்பது உன் கணக்கு. எத்தனை நைனாக்கள் நம் மைதானத்தில் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கயிறு இழுத்தார்கள்! பிள்ளைகள் என்னை மேடம் என்றும் உன்னை அக்கா என்றும் கூப்பிட்டதில் எனக்குக் கொஞ்சம் பொறாமை உண்டு, இப்போது சொல்வதற்கென்ன.

காய்ச்சல் என்று படுத்த நீ எழுந்திருக்கவே இல்லை. நீ போன பிறகு, ஓர் அணிக்கு ஒரு கோச் போதாதா என்று கல்லூரியில் பேச்சு வந்தது. உன் இடத்துக்கு ஆள் கேட்டால் பிரின்ஸிபால் "சூத்தாம், மேடம்" என்கிறார். அவருடைய 'பார்க்கலாம்' எத்தனை வருஷம் ஓடும் என்று உனக்குத் தெரியும்.

இன்று காலை தோளைத் தேய்த்துக்கொண்டே கம்போடு வெளியே வந்தால், சுகுணாவின் அப்பா நிற்கிறார். நகரியில் தறி ஓட்டுகிறவர். நீ கடைசியாகப் போய் அழைத்து வந்த பெண் சுகுணாதான். அன்று அவளை உன்னோடு கல்லூரிக்கு அனுப்பிவைத்தவர் வலை கட்ட மட்டும் வரவே இல்லை. இப்போது கையில் காலிப் பையோடு வந்திருக்கிறார், ஹாஸ்டலிலிருந்து அவளுடைய துணிமணிகளை எடுத்துக்கொண்டு போக. அடுத்த வாரம் சித்தூரில் போட்டி.

"அந்தம்மா நான் பொறுப்புன்னு சொல்லிச்சி, வுட்டேன். இப்போ அந்தம்மாவே இல்ல. யார நம்பி வுடறது, சொல்லு" என்றார்.

அவருக்குப் பின்னால் சுகுணா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இவள் இன்று போனால் தறிக்குத் தார்க்குச்சியில் நூல் சுற்ற உட்காருவாள், தையில் கல்யாணம். பந்தை இனி தொடமாட்டாள். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதானே. வாயைத் திறந்தேன். கையில் உன் கம்பு இருந்தது. கத்தல் வரவில்லை.

"நான் பொறுப்புண்ணா" என்றேன். இந்த வார்த்தையை நான் யாரிடமும் சொன்னதில்லை, அது உன் இலாகா. "பை அப்படி இருக்கட்டும். வல கட்ட ஆளில்ல, ஒரு கை புடிங்க."

முறைத்துவிட்டு வந்தார். நான் ஒரு பக்கம் கட்டியதைப் பார்த்ததும், "இன்னாம்மா முடிச்சி இது, தொளதொளன்னு" என்று அவிழ்த்துப் போட்டார். அறுந்த நூலை நாளெல்லாம் முடிந்துகொண்டிருக்கிற விரல்கள். இழுத்து முறுக்கிக் கட்டினார். கம்பை நிறுத்தி உயரம் பார்த்தேன், கோட்டுக்கு நேராக நின்றது. அவராகவே ஒரு கையைத் தூக்கிப் பார்த்தார். எட்டவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு நுனிக்காலில் நின்று பார்த்தார். எட்டவில்லை.

சுகுணாவுக்கு ஒரு பந்தைத் தூக்கிப் போட்டேன். நீ தூக்கித் தருகிற மாதிரி எனக்கு வராது, கோணலாகத்தான் போனது. அவள் ஓடிவந்து எகிறி அடித்தாள். பந்து எதிர்க் கோட்டுக்குள் விழுந்து வேலி வரைக்கும் போனது. அவளுடைய அப்பா பந்தைப் பார்க்கவில்லை. வலைக்கு மேலே அவள் கை இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பயிற்சி முடிகிறவரை வேலியோரம் உட்கார்ந்திருந்தார். நடுவில் இரண்டு தடவை எழுந்து போய்த் தன் முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். கிளம்பும்போது காலிப் பையை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டார்:

"சித்தூர்ல வல யாரு கட்றது?"

"நீங்கதாண்ணா" என்றேன். அவர் போன பிறகு விளையாட்டு அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நீ இருந்து பார்த்திருக்க வேண்டும்டி.

முகத்தைக் கழுவிக்கொண்டு நேரே பிரின்ஸிபாலிடம் போனேன். உதவிப் பயிற்சியாளர் இடத்தை மூட விடமாட்டேன், ஆள் வரும்வரை அந்த வேலையையும் நானே பார்க்கிறேன், ஆனால் ஆள் கேட்பதை நிறுத்தமாட்டேன் என்று சொன்னேன். "சூத்தாம்" என்றார். "சூடண்டி சார், நல்லா பாருங்க, நானும் தினம் வந்து பார்க்கிறேன்" என்றேன்.

சுகுணாவிடம் நகப்பூச்சு வாங்கி உரிந்த கோட்டை மறுபடி போட்டிருக்கிறேன். உன்னுடையதைவிடக் கொஞ்சம் தடிமனாக வந்துவிட்டது. சத்தியவேடு பக்கம் ஒரு பெண் நன்றாக எகிறுகிறாளாம், அப்பா பிடிவாதக்காரராம். நாளைக் காலை முதல் பஸ்ஸுக்குப் போகிறேன். கண்டக்டர் கேட்கட்டும், கம்புக்கும் சேர்த்தே டிக்கெட் எடுக்கிறேன்.